ஃப்ரிட்ஜுக்கு அடியில் இருந்த மரம்

இந்த வாரம் ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறேன். வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது.

மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில் சேறு காய்ந்து, பொரித்த அப்பளம் போல ஓரம் தூக்கிக் கிடந்தது. மதில்கள் எல்லாவற்றிலும் மெத்தைகள். நான் வாசலில் நின்று ஈரப் புத்தகங்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே மொபெட் ஒன்று வந்து நின்றது. ஏகாம்பரம் இறங்கினார்.

ஏகாம்பரத்தைத் தெரியாதவர்கள் எங்கள் காலனியில் இல்லை. இந்த ஊரின் பூர்வீகக்காரர். நாங்கள் வீடு கட்டியிருக்கும் இடத்தில் அவருடைய அப்பா நெல் விதைத்தார். இவர் செங்கல், மணல், ஜல்லி விற்கிறார். எங்கள் வீட்டுச் செங்கல்கூட இவர் போட்டதுதான். ஊர் அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் இவரே. அன்றைக்கு அவர் கையில் ஒரு முழம் நைலான் கயிறு இருந்தது. அறுந்த நுனி பூவாக விரிந்திருந்தது.

"ஏம்மா, மரம் எதுனா வந்துச்சா இந்தப் பக்கம்?"

"இல்லீங்களே," என்றேன்.

யோசிக்கவே இல்லை. மூச்சு விடுவது போல வந்துவிட்டது.

"அம்மன் தேருக்கு அச்சு செய்றதுக்கு வாங்கினு வந்து ஏரில ஊறப் போட்டிருந்தோம். வேங்கை. எட்டு, ஒம்போது அடி. கயிறு அறுந்துகினு பூட்ச்சு. வர்ற ஆடிக்குத் தேர் ஓடணும், இந்தத் தெரு, அடுத்த தெரு, அல்லாம் கேட்டுகினு வரேன்."

"பார்த்தா சொல்றேங்க."

அவர் என் தோளைத் தாண்டி ஹாலுக்குள் ஒருமுறை பார்த்தார். அங்கே எங்கள் ஃப்ரிட்ஜ், சாக்குத் துணியைப் பாவாடை போலக் கட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட ஓர் அடி உயரமாக நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சாக்குக்குப் பின்னால், ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்தபடி, மூன்று துண்டாக ஒரு மரம் இருந்தது.

கேட்டைத் தட்டிய விருந்தாளி

இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் இரண்டு வேலை. ஒன்று தீபாவளி. மற்றது, ஃப்ரிட்ஜைத் தூக்கி வைப்பது. செங்கல் மேல் வைப்பவர்கள் உண்டு, பழைய டயர் மேல் வைப்பவர்கள் உண்டு, ஃப்ரிட்ஜ் வாங்கிய கையோடு நிரந்தரமாக மூன்றடி மேடை கட்டிவிட்ட புத்திசாலிகளும் உண்டு. எங்கள் செங்கல் எல்லாம் போன வருடம் துளசி மாடத்துக்குப் போய்விட்டது.

முதல் மழை அடித்த காலை, முழங்கால் தண்ணீரில் தெரு மிதந்துகொண்டிருந்தபோது, யாரோ கேட்டைத் தட்டினார்கள். டங். கொஞ்சம் இடைவெளி. டங். என் கணவர் சங்கரன் ஜன்னலைத் திறந்து, "யாருங்க?" என்றார். பதில் இல்லை. டங்.

போய்ப் பார்த்தேன். கறுப்பாக, உருளையாக, பட்டை உரிந்த, எட்டடிக்குக் குறையாத ஒரு மரம். தண்ணீர் அசையும்போதெல்லாம் பின்வாங்கி, திரும்ப வந்து, தலையால் கேட்டை முட்டியது. உள்ளே விடச் சொல்லிக் கேட்பது போலவே இருந்தது. நான் கேட்டைத் திறந்தேன். மிகவும் மரியாதையாக உள்ளே மிதந்து வந்து, செம்பருத்திச் செடியடியில் நின்றுகொண்டது.

மறுநாள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிற்று. தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் விழுந்து வழி அடைத்திருந்ததால், பெட்ரோல் ரம்பத்தோடு நாலு பேர் வந்து வெட்டினார்கள். அடுத்த மழை இரண்டு நாளில் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. செம்பருத்தியடியில் கிடந்ததும் ஞாபகம் வந்தது.

"தம்பி, இதையும் கொஞ்சம் அறுத்துக் குடுங்க."

"எத்தினி துண்டுக்கா?"

"மூணு."

அந்த வார்த்தையைப் பிற்பாடு நான் எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன் தெரியுமா? ஒரே மூச்சில் சொன்ன ஒரு எண்.

நுனி பிளந்திருந்ததால் முதலில் ஓரத்தைச் சீவி, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வில்லையை எடுத்துப் போட்டார்கள். பிறகு இரண்டு வெட்டு. சங்கரனும் அவர்களில் இரண்டு பேரும் துண்டுகளை உருட்டி வந்து, உருளாமல் இருக்க மண்சட்டி ஓடுகளை முட்டுக்கொடுத்து, மேலே பழைய கதவுப் பலகை ஒன்றைப் போட்டு, ஃப்ரிட்ஜை ஏற்றினார்கள். இரண்டாவது மழையில் ஹாலுக்குள் முக்கால் அடி தண்ணீர் வந்தது. ஃப்ரிட்ஜின் பாதம்கூட நனையவில்லை. பலகையின் விளிம்பில் ஏறி நின்றுதான் நான் ஃபேன் துடைத்தேன். கீழ்த்தட்டில் அரைக் கிலோ வஞ்சிரம் வேறு இருந்தது.

ஏகாம்பரம் போன பிறகு இந்த வஞ்சிரம்தான் முதலில் உறைத்தது. மரத்தை ஏரியில் இறக்கும்போது மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்திருக்கிறார்கள். மேளம்கூடக் கேட்டதாக நினைவு. அம்மனுக்கு என்று கும்பிட்டு விட்ட மரத்தை நான் மீனுக்கு மேடையாக்கியிருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். தேர் அச்சு ஒரே மரமாக இருக்க வேண்டும். மூன்று துண்டில் அச்சு செய்ய முடியாது.

ஏன் பொய்?

பயம்தான். காலனிக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பழைய முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வந்தால் நாங்கள், "கால்வாயைத் தூர் வாரவில்லை" என்போம். அவர்கள், "ஏரிக்குள்ள வூடு கட்டிகினு தண்ணி வருதுன்னா?" என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. அதற்கு நடுவே, 'உங்கள் தேர் மரத்தை நாங்கள்தான் அறுத்தோம்' என்று ஒரு பெண் கேட்டில் நின்று சொல்வதா?

சங்கரன் மதியம் சாப்பாட்டில் கேட்டார்.

"ஏகாம்பரம் வந்தாராமே?"

சொன்னேன். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"அது வேங்கைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேங்கை இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மரத்தைப் பத்தி எழுதறவ நீ. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல ஃபைல் பார்க்கறவன்கிட்ட கேட்கறே."

இந்த இடத்தில் ஒரு குட்டை உடைத்துவிடுகிறேன். இருபது வருடமாக வசனகவிதை எழுதுகிறேன், வரிக்கு வரி மரம் வரும். எனக்கு மரங்களைத் தெரியாது. ஒருமுறை புங்கமரம் சிவப்பாகப் பூ உதிர்த்ததாக எழுதிவிட்டு, குரோம்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வாங்கினேன். 'அம்மணி, புங்கம்பூ வெளுப்பு, லேசான ஊதா. தாங்கள் பார்த்தது எதுவோ?' எதையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

அதற்கும் முன்னால், தாம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஊசியிலை மரத்துக்கு உதாரணம் கேட்டார்கள். கையைத் தூக்கி, "சவுக்கு டீச்சர்!" என்றேன். ஊசி ஊசியாகத்தானே தொங்குகிறது? டீச்சர் சிரித்தார். அது ஊசியும் இல்லை, இலையும் இல்லை, பச்சைக் குச்சி என்றார். வகுப்பே சிரித்தது. ஊசியிலை மரங்கள் எல்லாம் குளிர்ப் பிரதேசத்தில், நம் பக்கம் கிடையாது என்று எழுதிப் போட்டுவிட்டு மறந்தேன். அந்தப் பாடம் இப்படி ஃப்ரிட்ஜுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

டம்ளர்

மறுநாள் காலை, சங்கரன் வழக்கம்போலத் தன்னுடைய வேங்கை டம்ளரைக் கையில் எடுத்தார்.

அவருக்குச் சர்க்கரை. யாரோ சொன்னார்கள் என்று வேங்கை மரத்தில் கடைந்த டம்ளர் ஒன்று வாங்கி, முதல் நாள் ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் குடிப்பார். பலன் இருக்கிறதா என்று கேட்டால், "நிறம் நல்லா இருக்கு," என்பார். உண்மைதான். தண்ணீர் தேன் நிறமாகிவிடும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மயில்கழுத்து நீலம் ஒன்று ஓடும்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

சாக்கை விலக்கி, நடுத் துண்டில் கத்தியால் சுரண்டினேன். முதலில் சேறு, பிறகு கறுப்பு, பிறகு பழுப்பு. ஒரு பிடி சீவல் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். காலையில் வைத்தது. பத்து மணிக்குப் பார்த்தேன். பதினொன்றுக்குப் பார்த்தேன். சாயந்திரம் வரை அது தண்ணீராகவே இருந்தது. கொஞ்சம் அழுக்குத் தண்ணீர். நீலம் இல்லை.

"பாருங்க! வேங்கை இல்லை!"

சங்கரன் டம்ளரைத் தூக்கி, ஃபைல் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதோ என் டம்ளரே வாங்கினப்போ இருந்த நிறத்துல பாதிதான் இப்போ விடுது. மாசக்கணக்கா ஏரியில ஊறின மரம்மா. சாயம் எல்லாம் ஏரிக்கே போயிருக்கும்."

எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல்தான் அப்படி வருகிறது.

கணு

அடுத்த நாள், மரத்தின் நுனியில் சீவிப் போட்ட அந்த வில்லையைத் துணிப்பையில் போட்டு ஆட்டோவில் ஏறினேன். பெருங்களத்தூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு மரக்கடை. தேவராஜ் என்பவர் நடத்துகிறார். எங்கள் வீட்டு ஜன்னல்கள் அவரிடம்தான் வாங்கினோம். என் வயதுதான் இருக்கும். காதில் பென்சிலும் புருவத்தில் மரத்தூளும் எப்போதும் இருக்கும்.

"மேடம், இன்னா இது, கேக்கா?"

"இது என்ன மரம்னு சொல்லணும். சரியா சொல்லணும்."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் சிரிப்பை நிறுத்தினார். வில்லையைக் குழாயடியில் கழுவி, கையில் இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"உங்களுக்கு எதுன்னு தோணுது?"

"வேங்கையோன்னு..."

அவர் கடைக்குள் போய் ஒரு துண்டு வேங்கையும், ஒரு உளியும், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன லென்ஸும் எடுத்து வந்தார். வெட்டுமுகத்தில், இரண்டு மரத்திலும், தபால்தலை அளவுக்கு உளியால் வழுவழுவென்று சீவினார். தண்ணீர் தொட்டுத் தடவினார்.

"முதல்ல வேங்கையப் பாருங்க."

லென்ஸில் குனிந்தேன். தேன் நிறத்தில், குண்டூசியால் குத்திக் குத்தி வைத்தாற்போல ஓட்டைகள். எண்ண முடியாத ஓட்டைகள்.

"அதெல்லாம் தண்ணி ஏர்ற குழாய். நம்ம பக்கத்து மரம் எல்லாத்திலேயும் இருக்கும், தேக்கு, வேம்பு, உங்க வாசல்ல இருக்கற முருங்கை வரைக்கும். இப்போ உங்களுதப் பாருங்க."

பார்த்தேன். கறுப்புக்குக் கீழே அது வெளிர் மஞ்சளாக இருந்தது. அகல வளையங்கள், ஒன்று வெளுப்பு, ஒன்று கருப்பு, ஒன்று வெளுப்பு. ஓட்டை? லென்ஸை நகர்த்தினேன். இன்னும் நகர்த்தினேன். பட்டுத்துணி மாதிரி மூடிக்கொண்டிருந்தது.

"ஓட்டையே இல்லை."

"இருக்காது. ஊசியிலை ஜாதி மேடம். நாங்க சாஃப்ட்வுட்டுன்னு சொல்லுவோம். முழு மரத்துல கணு எப்படி இருந்துச்சு? அங்கொண்ணு இங்கொண்ணா?"

அந்தக் கணுக்களில் என் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தேன், எப்படி மறப்பேன்? "இல்லை, ஒரே இடத்துல, சுத்தி நாலு. வளையல் போட்டா மாதிரி. கொஞ்சம் தள்ளி மறுபடி நாலு."

"அவ்ளோதான். பைன். இந்தாங்க, மோந்து பாருங்க."

முகர்ந்தேன். சாக்கடையும் ஏரியும் போன பிறகு, புதிதாகச் சீவிய அந்தத் தபால்தலை அளவு இடத்திலிருந்து, பிசின் வாசனை ஒன்று கிளம்பி வந்தது. புதுப் பெட்டியை ஆணி பிடுங்கித் திறக்கும்போது வருமே, அது.

"எந்த நாட்டு பைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். நியூசிலாந்துலேர்ந்துதான் இப்போ நெறைய கப்பல்ல வருது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனிகளுக்கு மெஷின் அனுப்பற பெட்டி அடிக்கறாங்க இல்ல, அதுக்கு அறுக்கறது. எந்தப் பட்டறைலேர்ந்து அடிச்சிகினு வந்துச்சோ. ஆனா வேங்கை இல்ல. அதுல எனக்கு சந்தேகமே இல்ல."

பக்கத்தில் மரத்தூள் குவியல் இருந்தது. அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. தூள் பறந்து தலையில் விழுந்தது. எங்கோ பனி பெய்யும் ஒரு சரிவில் நின்றிருந்த மரம், கடல் தாண்டி, மழையில் மிதந்து, என் கேட்டைத் தட்டி, எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் சிரித்தேன்.

"மேடம், டீ சொல்லட்டுமா?" என்றார் தேவராஜ், கொஞ்சம் பயந்துபோய்.

ஏகாம்பரம் கடை

ஆட்டோவில் ஏறி சங்கரனுக்குப் போன் செய்தேன்.

"பைன்!"

"அப்பாடா. விட்டுது. வீட்டுக்கு வா."

விடவில்லை. வண்டலூர்ப் பாலம் பின்னால் போகப் போக, நெஞ்சிலிருந்து இறங்கிய சுமையின் இடத்தில் சின்னதாக ஒன்று உறுத்திற்று. மரம் அவர்களுடையது இல்லை. பொய் என்னுடையதுதானே? தவிர, அவர்கள் மரம் இன்னும் கிடைக்கவில்லை. அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏரிக்கரையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஏகாம்பரம் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பையிலிருந்து வில்லையை எடுத்து, அவர் மேஜை மேல் வைத்தேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான் பொய் சொன்னேங்க. ஒரு மரம் வந்துது. யாருதுன்னு தெரியாம மூணா அறுத்துட்டேன். நீங்க கேட்டதும் பயந்துட்டேன். இப்போ மரக்கடைல காட்டிக் கேட்டுட்டேன், இது வேங்கை இல்லை, பைன். ஆனா நான் சொன்னது பொய்தான்."

அவர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"தெரியும்மா."

"எப்படி?"

"நான் மரம் வந்துச்சான்னு கேட்டேன். தெரு முழுக்க அல்லாரும் 'இன்னா மரம்?'னு கேட்டாங்க. நீங்க ஒர்த்தர்தான் கேக்கவே இல்ல. இல்லன்னுட்டீங்க." சிரித்தார். "அப்பால உங்க வூட்டு ஃப்ரிட்ஜு. ஃபேனத் தொட்டுகினு நின்னா எவனுக்குத்தான் தெரியாது? மறுநாளே நாலு பேரக் கூட்டிகினு வந்து சாக்கத் தூக்கலாம்னுதான் இருந்தேன்."

"வந்திருக்கலாமே," என்றேன்.

"எதுக்கு? மரந்தான் கெடச்சிடுச்சே. நேத்து."

"எங்கே?"

"எங்கயும் போவலம்மா! போட்ட எடத்துலயே கீது! கயிறு அறுந்துச்சு, மரம் அடில இறங்கிக்கிச்சு. பச்ச வேங்கை, அத்தினி மாசம் தண்ணி குடிச்சுது, எப்படி மெதக்கும்? கயிறப் பார்த்துட்டு நாங்க பேஜாராயி ஊரெல்லாம் சுத்திகினு இருந்தோம். தண்ணி நாலு படி எறங்கிச்சு, சேத்துலேர்ந்து மூக்க நீட்டிகினு கீது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மிதந்து வந்து கேட்டைத் தட்டிய ஒன்று எப்படி வேங்கையாக இருக்கும் என்று நானும் யோசிக்கவில்லை, பிறந்ததிலிருந்து மரத்தையும் ஏரியையும் பார்த்த அவரும் யோசிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

நிம்மதியின் வேகத்தில் நான், "எங்க மூணு துண்டையும் கோயிலுக்கே எடுத்துக்குங்க. தேருக்கு முட்டுக்கட்டை போடுவீங்களே, அதுக்கு," என்றேன்.

"பைனா? தேர் ஏறுனா மாவாப் பூடும்மா." கொஞ்சம் யோசித்தார். "இருங்க. ஈர மரத்தக் கரையேத்துனா வெறுந்தரைல போடக்கூடாது. கீழ காத்து போவணும். தாங்கி வெக்க மூணு கட்டை வேணும்."

சாயந்திரமே டாட்டா ஏஸ் வண்டி வந்தது. துண்டுகளின் மேல் பலகை அழுத்திய தடமும், அதிலிருந்த பழைய கீலின் துருக்கறையும் இருந்தன. ஃப்ரிட்ஜ் இறங்கி வந்து தரையில் நின்றது. சங்கரன் அதன் தலையில் கை வைத்துப் பார்த்து, "குட்டையாயிட்ட மாதிரி இருக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். மண்டபத்தின் ஓரத்தில், மூன்று பைன் துண்டுகளின் மேல் வேங்கை படுத்திருந்தது. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் தரை தேன் நிறம். பூசாரி கை நிறைய மஞ்சளைக் குழைத்து அச்சு மரத்துக்குத் தடவிக்கொண்டே வந்தார். வந்த கையோடு, கீழே இருந்த முதல் துண்டுக்கும் தடவினார். இரண்டாவதுக்கும் தடவினார். மூன்றாவதில் கை நின்றது. வெளுத்த அந்த வெட்டுமுகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

"இது இன்னா மரம்மா?"

"பைன்," என்றேன். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் தலையாட்டிவிட்டு, அதற்கும் பொட்டு வைத்தார்.